சில்லும் பகடையும்

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கீழடியில், தமிழ்நாடு தொல்லியல் துறையார் 2018-ஆம் ஆண்டில் நடத்திய அகழாய்வைப் பற்றி மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கையைப் புரட்டுகிறவர்கள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளிலும் பொன்னணிகளிலும் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பே. ஆயினும் அதே பட்டியலில் ஏறக்குறைய 600 வட்டச் சில்லுகளும், 80 ஆட்டக்காய்களும், சில பகடைகளும் இடம்பெற்றிருப்பது நம் கவனத்துக்கு உரியது. சில்லு என்பது பெரிய பொருளன்று. பானை உடைந்தபின் ஓடு ஒன்றை எடுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கிக்கொண்டால் சில்லு ஆயிற்று. அவற்றில் சில வேறு காரியங்களுக்கும் உபயோகப்பட்டிருக்கலாம். எல்லாமே பாண்டி ஆடிய சிறுமிகளின் சொத்து என்று சாதிக்க நான் முற்படவில்லை. பகடையின் சமாசாரம் வேறு. 2021-இல் நடந்த ஏழாம் கட்ட அகழாய்வில் வெளிப்பட்ட தந்தப் பகடையைப்போல ஒன்றைச் செய்வதற்கு யானைத் தந்தம் வேண்டும். அதை அறுத்துச் சமமான முகங்களாகத் தீட்டி, புள்ளிகளைக் கடையத் தெரிந்த கம்மியன் வேண்டும். அவனுக்குக் கூலி கொடுக்கக்கூடிய ஒருவனும் வேண்டும். ஆக, விளையாட்டு என்பது ஆடுகிறவனே தன் கையால் செய்துகொள்வது, பிறன் செய்து விற்க இவன் வாங்கி ஆடுவது என்று இரண்டு வகையாகப் பிரிந்துபோனதற்கு வைகைக் கரையின் மண்ணே சாட்சி. இரண்டாம் வகையில் ஒரு தொழில் பிறக்கிறது. தொழில் பிறந்துவிட்டால் தொழில் செய்வோர் கூடிப் பேசும் இடம் ஒன்றும், அந்த இடத்தில் ஆடுகிற சாமானியனுக்கு என்ன வேலை என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிடுகின்றன.

முதல் வகையைச் சங்கப் புலவர்கள் பிரியத்தோடு கவனித்திருக்கிறார்கள். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், பள்ளியறியாத பாலை நிலத்துச் சிறுவர்கள் வேப்பமரத்தின் புள்ளி நிழலில் தரையில் கட்டம் கீறிக்கொண்டு, நெல்லிக்காயையே வட்டாக வைத்து ஆடுகிறார்கள்; செலவு ஒரு காசும் இல்லை. புறநானூற்றின் 52-ஆம் பாட்டிலோ, மதுரை மருதன் இளநாகனார் பாண்டியன் மாறன் வழுதியின் போர்த்திறத்தைச் சொல்ல வந்தவர், பகைவர் நாட்டில் பாழடைந்து கிடக்கும் பொதுமன்றம் ஒன்றைக் காட்டுகிறார். நரைத்த கிழவர்கள் நாள்தோறும் உட்கார்ந்து காய்களை வைத்து வைத்து ஆடியதால் தரையிலே குழிகள் விழுந்திருக்கின்றன. இப்பொழுது கிழவர்களைக் காணோம், அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. போரின் கொடுமையைச் சொல்ல வாளையும் வேலையும் தேடாமல், ஆட்டம் நின்றுபோன ஒரு தரையைத் தேர்ந்தெடுத்த அந்த மதுரைக்காரரின் கண் எத்தகையது என்று வியக்கத்தான் வேண்டும். இன்றும் பாண்டி நாட்டுக் கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டத்துக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் தேய்ந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

ஆடுகிறவன் தானாகச் செய்துகொள்ளும் ஆட்டத்துக்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது, அரசனோ செல்வனோ ஏற்பாடு செய்ய, ஜனங்கள் வேடிக்கை பார்க்கும் ஆட்டம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், திருமாலுக்கு உரிய ஓண நாளில் மதுரை வீதிகளில் வீரர்கள் தம்முள் பொருவதும், மதம் கொண்ட களிறுகளை ஓடவிடுவதும், அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டு நிற்பதும் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன. நகரத்தானின் பொழுதுபோக்கு அன்றே இப்படி அமைந்துவிட்டது: ஆபத்து அவனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் அவன்மேல் பாயக்கூடாது.

இந்த மனப்பான்மைக்கு மாளிகை வடிவத்தில் ஒரு ஞாபகச் சின்னம் மதுரையில் இருக்கிறது. வைகையின் வடகரையில், தல்லாகுளத்தை அடுத்து, வெண்ணிறச் சுவர்களும் குவிந்த விமானக் கூரையுமாக நிற்கும் தமுக்கம் அரண்மனையைக் கட்டியவர் திருமலை நாயக்கர் என்பாரும் ராணி மங்கம்மாள் என்பாரும் உண்டு. கட்டிய ஆண்டு 1670 என்று வழக்கமாகச் சொல்லப்படுவதோ இருவருடைய ஆட்சிக்குள்ளும் அடங்குவதில்லை. திருமலை நாயக்கர் 1659-இல் மறைந்துவிட்டார், மங்கம்மாள் அரசியல் பொறுப்பை ஏற்றதோ 1689-இல். அந்த வழக்கை வரலாற்று ஆசிரியர்களிடமே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது, எதிரே விரிந்த மைதானத்தில் நடக்கும் யானைப் போர் முதலிய விநோதங்களை அரச குடும்பத்தார் கண்டு களிப்பதற்காக எழுந்த கோடை மாளிகை இது என்று பரம்பரையாக வழங்கும் செய்தி. விளையாட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டடம்! அதன் மாடத்தில் நின்று பார்த்தவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. தரையில் நின்று பார்த்தவர்களின் பெயர் இல்லை. யானைகளை மோதவிட்ட பாகர்களின் பெயரும் இல்லை.

நாயக்கர் ஆட்சி ஒழிந்து, நவாபு காலம் கடந்து, கும்பினியார் வந்தபின் தமுக்கம் சில காலம் கலெக்டரின் வாசஸ்தலமாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அது காந்தி நினைவு நிதியாருக்கு அளிக்கப்பட்டு, 1959 ஏப்ரல் 15 அன்று ஜவாஹர்லால் நேருவினால் காந்தி மியூசியமாகத் திறந்துவைக்கப்பட்டது. மிருகச் சண்டைக்கென்று எழுந்த மாளிகையில் அகிம்சா மூர்த்தியின் இரத்தக் கறை படிந்த ஆடை வைக்கப்பட்டது காலத்தின் விநோதங்களில் ஒன்று. மாளிகை இப்படித் துறவு பூண்டுவிட, எதிரே இருந்த மைதானம் மாத்திரம் தன் பழைய குணத்தை விடவில்லை.

விடாமல் செய்தது சித்திரை மாதம். மீனாட்சி கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்கும் உத்ஸவத்தையும் ஒரே மாதத்தில் இணைத்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் வரலாறு. அழகர் கள்ளர் கோலம் பூண்டு, அழகர்மலையிலிருந்து மண்டகப்படி மண்டகப்படியாகத் தங்கி, மூன்றுமாவடி, புதூர் வழியாகத் தல்லாகுளத்துக்கு வந்துசேரும் எதிர்சேவையன்று, மேலூர், நத்தம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்தார் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிறைவது தமுக்கத்தைச் சுற்றியுள்ள வெளிதான். இத்தனை ஜனங்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடினால், அங்கே வியாபாரமும் வேடிக்கையும் வந்துசேர வேறு அழைப்பு வேண்டாம். சர்க்காரின் சித்திரைப் பொருட்காட்சி இந்தக் கூட்டத்தின் மேல் எழுந்ததே ஆகும்.

பொருட்காட்சி என்றால், சட்டப்படி அது சர்க்கார் இலாகாக்கள் தத்தம் சாதனைகளை ஜனங்களுக்கு விளக்கும் அரங்குகளின் தொகுதி. விவசாய இலாகாவின் நெல் ரகங்களையும் சுகாதார இலாகாவின் படங்களையும் பார்த்தபடி ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் ராட்டினத்துக்குப் போக முடியும் என்ற வகையில் வழியை அமைத்தவர் மனுஷ்ய சுபாவத்தை நன்றாக அறிந்த அதிகாரியாக இருக்க வேண்டும். டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் ஒரு பக்கம் பொரிந்துகொண்டிருக்க, மரப் பலகைகளைக் கூண்டாக அடித்த மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள்காரர் சுற்றும்போது, மேலே விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கையில் பலகையின் அதிர்ச்சி ஏறும். தமுக்கத்து மாடத்தில் நின்று யானையைப் பார்த்த ராஜகுமாரனுக்குக் கிடைத்த இன்பம், நுழைவுச் சீட்டின் விலைக்கு இறங்கிவந்துவிட்டது.

அந்த வரிசையில் நான் நெடுநேரம் நிற்பது வளையம் எறியும் கடையில். சோப்புக் கட்டி, கண்ணாடித் தம்ளர், கடிகாரம், மடித்து வைத்த ஒரு ரூபாய் நோட்டு ஆகியவற்றைச் சிறு சிறு மரக்கட்டைகளின் மேல் பரப்பி, வாங்கும் வளையத்தை அந்தக் கட்டை முழுவதையும் சுற்றி விழும்படி எறிந்தால் பொருள் உனக்கு என்பது விதி. வளையத்தின் உள்விட்டமும் கட்டையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. விழாது என்று சொல்லிவிட முடியாது; எப்போதாவது விழுகிறது; அந்த எப்போதாவதுக்காகத்தான் கடைக்காரர், தாமே ஒரு வளையத்தை அலட்சியமாக எறிந்து சோப்புக் கட்டியைச் சரியாகச் சுற்றி விழவைத்துக் காட்டுகிறார். "இம்புட்டுத்தாண்ணே, கைய ஒசத்தாம லேசா விடுங்க" என்று அவர் சொல்லிக்கொடுக்கும்போது அதில் வஞ்சகம் இல்லை. அவர் சொல்வது உண்மையான வித்தை. ஆயிரக்கணக்கான தடவை எறிந்தவருக்குப் பலிக்கும் வித்தை. எத்தனை தடவைக்கு ஒரு தடவை ஜயிக்கவிட்டால் மனிதன் கோபித்துக்கொண்டு போகாமல் மறுபடி காசை எடுப்பான் என்ற கணக்கு, இன்றைக்குக் கோடிக்கணக்கான முதல் போட்டு மின்னணு விளையாட்டுச் செய்கிற ஸ்தாபனங்களில் நிபுணர்களை அமர்த்திப் போடப்படுகிறது. பொருட்காட்சிக் கடைக்காரர் அதைக் கட்டையின் அகலத்திலேயே போட்டுவிட்டார்.

மதுரைச் சமவெளியில் ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே வேலி மிக மெல்லியதாக இருந்த விளையாட்டு ஜல்லிக்கட்டு ஒன்றே. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும், வாடிவாசலைத் தாண்டிய காளை எந்தப் பக்கம் திரும்பும் என்பது காளைக்கே தெரியாதாகையால், பார்க்க வந்தவன் க்ஷண நேரத்தில் ஆடுகிறவனாகவோ ஓடுகிறவனாகவோ ஆகிவிடுவான். 2014 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் விதித்த தடையை எதிர்த்து 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் எழுந்த கிளர்ச்சியில் மதுரை மாணவர்கள் இரவு பகலாக அமர்ந்த இடம் இதே தமுக்கம்தான். அதன்பின் சட்டம் வந்தது. மாடுபிடி வீரருக்கும் காளைக்கும் இணையதளத்தில் பதிவும் டோக்கனும் வந்தன. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் படிப்படியான இருக்கைகளோடு ஏறுதழுவுதல் அரங்கமும் திறக்கப்பட்டது. பத்திரம் பெருகியிருக்கிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவன் வேறு, இறங்கி ஆடுகிறவன் வேறு என்ற பிரிவு அங்கேயும் பூர்த்தியாகிவிட்டது.

தந்தப் பகடையின் சந்ததியில் கடைசியாக வந்தது வீடியோ கேம். 1972-இல் அமெரிக்காவில் நாணயம் போட்டு ஆடும் 'பாங்' இயந்திரத்தோடு பெரு வியாபாரமான இந்த விளையாட்டு, நமது ஊர்களை எட்டிப் பார்ப்பதற்குச் சில காலம் பிடித்தது. டவுன் ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் தொலைக்காட்சியில் பொருத்தும் பெட்டியும் கேசட்டும் விலைக்கு வந்த காலத்தில், வீட்டில் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சந்துக்குச் சந்து வாடகைக் கடைகள் இருந்தன; ஒரு டிவி, இரண்டு பிடிகள், சுவர்க் கடிகாரம் ஒன்று. மாரியோவையும் கான்ட்ராவையும் அரைமணிக் கணக்கில் ஆடியவர்களைவிட, முதுகுக்குப் பின்னால் நின்று "இப்ப குதிடா" என்று யோசனை சொன்னவர்கள் எப்போதும் அதிகம். அவர்கள் காசு கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைக்கு அவர்களால்தான் களை. பின்னர் பிரௌசிங் சென்டர்கள் வந்தன. அவையும் போய்ச் செல்போன் வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பப்ஜியைத் தடுத்தபோது, அது ஒரு விளையாட்டின் பெயர் என்று மதுரையில் தாத்தாக்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆட்டம் எங்கே முடிகிறது, சூது எங்கே தொடங்குகிறது என்ற பழைய விவாதத்திலும் மதுரைக்குத் தனிப் பங்கு உண்டு. திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியதை நாம் அறிவோம். 2004 ஜூலை 24 அன்று தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2017-இல் 'புளூ வேல்' என்ற விபரீதத்தைத் தானாகவே முன்வந்து விசாரித்தது. 2020 ஜூலையில் இணையவழி ரம்மி முதலியவற்றைச் சர்க்கார் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எடுத்துரைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் பிறந்த அவசரச் சட்டம், அதன் வழிவந்த சட்டம் 2021-இல் சென்னையில் செல்லாதென்று ஆனது, 2022-இல் சட்டசபை புதிய மசோதா நிறைவேற்றியது, கவர்னர் அதைத் திருப்பி அனுப்பியது, 2023-இல் அது சட்டமானது, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது என்று அந்தக் கதை நீண்டுபோகும். வக்கீல்கள் இரு தரப்பிலும் இது திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா என்று வாதாடினார்கள். வளையக் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைத்திருக்கலாம்.

இனி, விளையாட்டைச் செய்வோர் கூடும் சபைகளுக்கு வருவோம். 1988-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கிறிஸ் கிராஃபோர்டு என்ற விளையாட்டு ஆசிரியர், தம்மைப் போன்ற இரண்டு டஜன் பேரைத் தம் வீட்டுக் கூடத்திலேயே உட்காரவைத்து நடத்திய சம்பாஷணைதான், இன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் திரளும் மகாநாடாக வளர்ந்திருக்கிறது. 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய 'ஈ3' கண்காட்சியோ வியாபாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் மட்டுமே கதவைத் திறந்தது. ஆடுகிற பொதுஜனம் உள்ளே வரக்கூடாது என்பதையே கௌரவமாகக் கொண்டிருந்த அந்தச் சபை, 2017-இல் முதன்முறையாகப் பொதுமக்களுக்கு 15,000 சீட்டுகளை விற்றது. உள்ளே வந்தவர்களுக்கு மணிக்கணக்கான வரிசை மிஞ்சியது. வியாபாரிகளுக்கு வியாபாரம் கெட்டது என்ற மனஸ்தாபம் மிஞ்சியது. ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாக விலகி, தங்கள் புதுச் சரக்கைத் தாமே இணையத்தில் காட்டிக்கொள்ளத் தொடங்க, 2023 டிசம்பரில் ஈ3 அடியோடு கலைக்கப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கண்காட்சியோ முதலிலிருந்தே வியாபாரத்துக்கு ஓர் இடமும் ஜனங்களுக்கு ஓர் இடமுமாகப் பகுத்துக்கொண்டதால் இன்னும் நிறைந்து வழிகிறது. நெல் ரகத்தையும் ராட்டினத்தையும் ஒரே மைதானத்தில் வைத்த நம் சித்திரைப் பொருட்காட்சிக்காரர்கள் இதை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை.

ஹைதராபாத்தில் பல ஆண்டு கூடிவந்த இந்திய விளையாட்டுப் படைப்பாளர் மகாநாடு, 2025 நவம்பரில் சென்னை நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்துக்கு வந்தது. வைகை எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் அடையக்கூடிய தூரத்தில், தொழில் தன் வீட்டைத் திறந்து வைத்திருக்கிறது. இத்தகைய மகாநாட்டுக்குள் பொழுதுபோக்குக்காகச் செல்போனில் ஆடுகிற சாமானியன் ஒருவன் பிரவேசித்தால், சொற்பொழிவு மண்டபங்களில் அவனுக்குக் காது கேட்கும், பொருள் விளங்காது; முதல் போடுவோரைத் தேடும் வாலிபர்கள் அவன் கழுத்து அட்டையில் ஒரு பார்வை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் சமையற்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் சாப்பிட வந்தவனுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை.

ஆனால் சிறு படைப்பாளர்கள் இரண்டு மேஜையும் ஒரு திரையும் வைத்துக்கொண்டு, இன்னும் முற்றுப்பெறாத தங்கள் விளையாட்டைப் பரப்பியிருக்கும் பகுதி ஒன்று இத்தகைய மகாநாடுகள் தோறும் உண்டு. அங்கே மாத்திரம் அவனுக்கு மரியாதை திடீரென்று உயர்ந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவன் ஆடினால், செய்தவரின் எண்ணத்தை ஊகித்து ஆடிவிடுவான். அதனால் பிரயோஜனம் இல்லை. ஒன்றும் தெரியாதவன்தான் வேண்டும். அவன் பிடியைக் கையில் எடுத்ததும், அதைச் செய்த பெண்ணோ பிள்ளையோ ஒரு அடி பின்னால் தள்ளி, வாய் திறந்து உதவிவிடாதபடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, திரையைப் பாராமல் அவன் கட்டைவிரலையும் முகத்தையும் பார்க்கிறார்கள். ஓணத்துக் களிறு முதல் மரணக் கிணறு வரை வேடிக்கை பார்த்தே பழகிய மனிதனை, இங்கே தொழில் செய்கிறவர் நின்று வேடிக்கை பார்க்கிறார். கதவென்று எண்ணிச் சுவரில் மூன்று தடவை முட்டிக்கொள்கிறான். நோட்டுப் புத்தகத்தில் ஒரு குறி விழுகிறது.

"ஏண்ணே, அந்தப் பக்கமே போனீங்க?"

"வெளிச்சம் அங்கனதான தம்பி அடிக்குது? வெளிச்சம் இருக்குற பக்கந்தான் வழின்னு போனேன். நீங்க வழிய இருட்டுல வெச்சிட்டு வெளிச்சத்த செவத்துல அடிச்சா நான் என்ன செய்ய?"

சொற்பொழிவு மண்டபத்தில் ஒளியமைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நிபுணரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டில் இனி நடக்கும் மகாநாடுகளில் இந்த மேஜைகளுக்கு மாத்திரமாவது ஒரு நாளைப் பொதுஜனங்களுக்கு விட்டு, சீட்டின் விலையைச் சித்திரைப் பொருட்காட்சியின் அளவுக்கு இறக்கிவைப்பது விளையாட்டைச் செய்கிறவர்களுக்கே லாபம் என்பது என் அபிப்பிராயம். அப்படி ஒரு நாள் விடுவதானால் அதைச் சென்னையிலேதான் நடத்த வேண்டும் என்பதும் இல்லை, 2022-இல் தமுக்கத்தில் மாநகராட்சி கட்டி முடித்த மாநாட்டு மையத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.